வட்டுச் சிதைவு

வட்டுச் சிதைவு என்பது வன்தட்டு, திண்மநிலை வட்டு, பென் டிரைவ், நினைவக அட்டை முதலிய சேமிப்புச் சாதனங்களில் பதிந்துள்ள தரவுகளோ, அத்தரவுகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் அட்டவணைகளோ முறைகெட்டு, கணினியின் இயங்குதளத்தால் சரியாகப் படிக்க இயலாத நிலையை அடைவதாகும். வீட்டுக் கணினிகளில் தரவு இழப்பு ஏற்படுவதற்கான முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

வட்டுச் சிதைவு இரு வகைப்படும். வட்டு நலமாக இருக்க, அதிலுள்ள கோப்பு முறைமை மட்டும் குலைவது கட்டமைப்புச் சிதைவு ஆகும். வட்டின் பரப்போ, படிக்கும் முனையோ, மின்சுற்றோ கெடுவது வன்பொருள் பழுது ஆகும். இவ்விரண்டிலும் திரையில் தோன்றும் பிழைச்செய்தி ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் முதல் வகைக்கு மருந்தாகும் செயல் இரண்டாம் வகைக்கு நஞ்சாக முடியலாம். எனவே பிழை தோன்றியதும் பழுதுநீக்கும் நிரலை இயக்குவதற்கு முன்னர், எவ்வகைப் பழுது என அறிவதும், தரவுகளை வேறொரு வட்டுக்கு நகலெடுப்பதும் இன்றியமையாதவை.

வட்டு இயங்கும் முறை

உலகின் முதல் வணிகமுறை வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் ராமாக் என்ற கணினியுடன் அறிமுகப்படுத்தியது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. அளவிலும் கொள்ளளவிலும் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளபோதிலும், காந்தப் பூச்சுடைய தட்டுகள் சுழல, அவற்றின் மேல் ஒரு முனை நகர்ந்து படித்தும் எழுதியும் இயங்கும் அடிப்படை முறை மாறவில்லை. வீட்டுக் கணினிகளின் வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. முனைக்கும் தட்டுக்கும் இடையேயான இடைவெளி சில நானோமீட்டர்களே. ஒரு தூசித் துகளும் இந்த இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியது. வன்தட்டின் மூடியை வீட்டில் திறக்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

தட்டின் பரப்பு செக்டர் எனப்படும் சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு செக்டரில் நெடுங்காலம் 512 பைட்டுகள் இருந்தன. 2010 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த வட்டுகளில் 4096 பைட்டுகள் கொண்ட செக்டர் பரவலானது. ஒவ்வொரு செக்டருடனும் பிழைதிருத்தக் குறியீடும் சேர்த்துப் பதியப்படுகிறது. படிக்கும்போது சிறு பிழை இருப்பின் வட்டே அதைத் திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவுக்குப் பிழை மிகும்போதுதான் கணினிக்கு அறிவிக்கும்.

எந்தக் கோப்பு எந்தெந்த செக்டர்களில் உள்ளது என்ற கணக்கை வைத்திருப்பது கோப்பு முறைமை ஆகும். நூலகத்தின் நூற்பட்டியலை இதற்கு ஒப்பிடலாம். பட்டியல் கிழிந்துபோனால் நூல்கள் அடுக்கிலேயே இருந்தும் தேடி எடுக்க இயலாது. கட்டமைப்புச் சிதைவின் தன்மை இதுவே. இந்நிலையில் கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை. அவற்றுக்கான வழி மட்டுமே அறுபடுகிறது.

விண்டோஸ் 95, 98 ஆகியவை பயன்படுத்திய ஃபாட் கோப்பு முறைமை 1977 ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் ஒரு கோப்பை எழுதும்போது மின்சாரம் நின்றால் அட்டவணை அரைகுறையாக நின்றுவிடும். முறையாக நிறுத்தப்படாத விண்டோஸ் 98 கணினி மறுமுறை தொடங்கும்போது, நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் என்ற நிரல் இயங்கியதை அக்காலப் பயனர்கள் அறிவர். 1993 இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த என்டிஎஃப்எஸ், 2001 இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்ட எக்ஸ்ட்3, அதன் வழிவந்த எக்ஸ்ட்4 ஆகியவை நிகழ்பதிவு முறையைக் கையாளுகின்றன. இம்முறையில், செய்யவிருக்கும் மாற்றம் முதலில் ஒரு பதிவேட்டில் குறிக்கப்பட்டு, அதன் பின்னரே அட்டவணையில் செய்யப்படும். இடையில் மின்சாரம் நின்றால், அடுத்த தொடக்கத்தில் பதிவேட்டைப் பார்த்து வேலை முடிக்கப்படும், அல்லது கைவிடப்படும். எனினும் என்டிஎஃப்எஸ் நிகழ்பதிவு அட்டவணையை மட்டுமே காக்கிறது; கோப்பின் உள்ளடக்கத்தைக் காப்பதில்லை. மின்தடைக்குப் பின் ஒரு கோப்பு சரியான பெயருடனும் அளவுடனும் இருந்தும், உள்ளே வெறுமையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

காரணங்கள்

கட்டமைப்புச் சிதைவுக்கான பொதுவான காரணங்கள் வருமாறு:

1. மின்தடை. வேகத்தின் பொருட்டு இயங்குதளமும் வட்டும் எழுத வேண்டிய தரவைச் சிறிது நேரம் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும். பயனருக்கு "சேமிக்கப்பட்டது" எனத் தோன்றும் கோப்பு உண்மையில் வட்டை அடைந்திராமல் இருக்கலாம்.
2. பென் டிரைவையும் வெளிப்புற வன்தட்டையும் முறையாக நீக்காமல் பிடுங்குதல்.
3. கணினியின் நினைவகத்தில் உள்ள பழுது. தவறான தரவு நினைவகத்திலிருந்து அப்படியே வட்டில் எழுதப்படுவதால், நலமான வட்டும் மீண்டும் மீண்டும் சிதையும்.
4. தளர்ந்த அல்லது துருப்பிடித்த இணைப்பு வடம்.
5. போலிக் கொள்ளளவு காட்டும் பென் டிரைவ்களும் நினைவக அட்டைகளும். இவை உண்மையில் சில ஜிகாபைட்டுகளே கொள்ளும். அதற்கு மேல் எழுதப்படுபவை பழைய தரவின் மேல் படியும், அல்லது எங்கும் பதியாமல் மறையும்.

வன்பொருள் பழுதுக்குத் தேய்மானம், இயங்கும்போது விழுதல் அல்லது அதிர்தல், மிகை வெப்பம், மின்னழுத்த ஏற்றம், ஈரம் ஆகியவை காரணங்களாகும். மின்சாரம் நிற்கும்போது, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டுகளின் ஆற்றலைக் கொண்டே முனை பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கப்படும் வகையில் வன்தட்டுகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. எனவே ஒருமுறை மின்தடை ஏற்பட்டதால் மட்டும் முனை தட்டில் மோதுவது அரிது. ஆனால் மின்சாரம் குறுகிய நேரத்தில் பலமுறை வந்து போவது இயந்திரப் பகுதிகளுக்குத் தேய்மானத்தை உண்டாக்கும்.

தமிழகக் கடலோரச் சூழல்

மேற்கூறிய காரணங்களுள் மின்தடை, ஈரம், உப்புக்காற்று ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும் சூழல் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ளது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், டச்சுக் கோட்டையின் எச்சங்களைக் கொண்ட சதுரங்கப்பட்டினமும், அதன் வடக்கிலுள்ள மாமல்லபுரமும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இப்பகுதி 2019 ஆம் ஆண்டு நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, பின்னர் செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. சதுரங்கப்பட்டினத்தை அடுத்துள்ள கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் அமைந்துள்ளது. அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் தென்னக மின்தொகுப்புக்குச் செல்கிறது. ஒரு வீட்டுக்கு வந்து சேரும் மின்சாரமோ தெருவோரக் கம்பங்களையும் மின்மாற்றிகளையும் பொறுத்தது. ஆகவே மின்னுற்பத்தி நிலையத்துக்கு அருகில் இருப்பது மின்தடையிலிருந்து காப்பு ஆகாது.

2008 ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. 2012 இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரமும், பிற பகுதிகளில் அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாகவும் மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. அறிவிக்கப்பட்ட மின்வெட்டுக்கு முன்னர் கணினியை முறையாக நிறுத்திவிடலாம். அறிவிக்கப்படாத மின்தடையே கோப்பு முறைமைக்கு ஊறு விளைவிப்பது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயல், மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்து, பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமற் செய்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகிலேயே கரையைக் கடந்தது.

உப்புக்காற்றின் விளைவு மெதுவானது. காற்றிலுள்ள உப்புத் துகள்கள் ஈரத்தை ஈர்த்து, இணைப்பு முனைகளின் மேல் படிந்து அரிப்பை உண்டாக்குகின்றன. வன்தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையேயான வடத்தின் முனைகள் இவ்வாறு கெடும்போது, வட்டு நலமாக இருந்தும் தரவு வழியில் பிழைபடுகிறது. கடலோர வீடுகளில் வட்டுப் பிழை தோன்றினால், வட்டை மாற்றுவதற்கு முன்னர் வடத்தை மாற்றிப் பார்ப்பது பொருத்தமானது. இது செலவு குறைந்த சோதனையும் ஆகும்.

2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், முன்னர் கணினியே இல்லாத பல வீடுகளுக்கு மடிக்கணினிகள் வந்தன. மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால் மின்தடையின்போது அது நின்றுவிடுவதில்லை. எனினும் சில ஆண்டுகளில் மின்கலம் வலுவிழந்தபின், மின்னேற்றியிலேயே இயங்கும் மடிக்கணினி இவ்வகையில் மேசைக்கணினியை ஒத்ததாகிவிடுகிறது.

அறிகுறிகள்

விண்டோஸ் இயங்குதளத்தில் வட்டின் கட்டமைப்பு சிதைந்துள்ளது, படிக்க இயலவில்லை எனப் பொருள்படும் செய்தி தோன்றும். இதன் பிழை எண் 1393. சுழற்சி மிகைமைச் சோதனை தவறியது எனப் பொருள்படும் செய்தியின் எண் 23. உள்ளீட்டு வெளியீட்டுச் சாதனப் பிழையின் எண் 1117. முதலாவது செய்தி கட்டமைப்புச் சிதைவையும், மற்ற இரண்டும் வன்பொருள் அல்லது வடப் பழுதையும் பெரும்பாலும் சுட்டுகின்றன. எனினும் செய்தியை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் ஆகாது. அட்டவணை பதிந்துள்ள செக்டரே கெட்டிருப்பின், வன்பொருள் பழுதும் 1393 என்றே தோன்றும்.

வட்டை வடிவமைக்க வேண்டும், இப்போது செய்யலாமா எனக் கேட்கும் செய்தியும் அடிக்கடி தோன்றுவதாகும். இதற்கு உடன்படலாகாது. இயங்குதளத்தால் கோப்பு முறைமையை அடையாளம் காண இயலவில்லை என்பதே இதன் பொருள். வட்டு வெறுமையாக உள்ளது என்பது இதன் பொருளன்று.

வன்பொருள் பழுதைக் காட்டும் பிற அறிகுறிகளாவன: ஒரே சீரில் கேட்கும் "டக் டக்" ஓசை, உராயும் ஓசை, ஒரு அடைவைத் திறக்கும்போது கணினி பல நிமிடங்கள் உறைந்து நிற்றல், பயாஸ் பட்டியலில் வட்டு சில சமயம் தோன்றாமை. ஓசை எழுப்பும் வட்டுக்கு உடனே மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். ஒவ்வொரு நிமிட இயக்கமும் தட்டின் பரப்பைச் சுரண்டி, மீட்கக்கூடிய தரவைக் குறைக்கும்.

சிதைவு எனத் தவறாகக் கருதப்படுபவை

வட்டுக்குத் தொடர்பற்ற சில சிக்கல்களும் சிதைவாகக் கருதப்படுவதுண்டு.

தமிழ்க் கோப்புகளில் எழுத்துக் குழப்பம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் தஸ்கி, 1999 ஆம் ஆண்டு தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அமைந்த தாப், தாம், பாமினி எனப் பல குறியாக்கங்களில் உருவாக்கப்பட்டன. தமிழக அரசு ஒருங்குறியை 2010 இல் ஏற்றது. பழைய ஆவணத்தை உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளே தோன்றும். கோப்பு கெடவில்லை, எழுத்துருவை நிறுவினாலோ, ஒருங்குறிக்கு மாற்றும் நிரலைப் பயன்படுத்தினாலோ அதைப் படிக்கலாம். ஆவணம் முழுவதும் ஒரே சீரில் குழம்பியிருந்தால் குறியாக்கச் சிக்கல் என்றும், நடுவில் ஓரிடத்திலிருந்து திடீரெனக் குழம்பினால் சிதைவு என்றும் ஐயுறலாம்.

மறைக்கப்பட்ட கோப்புகள். பென் டிரைவ் வழிப் பரவும் ஒருவகை நச்சுநிரல், அடைவுகளை மறைத்துவிட்டு அவற்றின் இடத்தில் குறுக்குவழிகளை வைக்கும். கோப்புகள் உள்ளேயே இருக்கும். வட்டின் பயன்படுத்தப்பட்ட அளவு மாறாதிருப்பதைக் கொண்டு இதனை அறியலாம்.

மறையாக்கம். புதிய கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அவ்வட்டை வேறொரு கணினியில் பொருத்தினால் சிதைந்ததுபோல் தோன்றலாம். விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கத்துக்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் உண்டு. வட்டைக் கழற்றும் முன்னரே அதனைத் தேடி எடுத்து வைத்தல் வேண்டும்.

பழுதின் வகையைக் கண்டறிதல்

வன்தட்டுகளும் திண்மநிலை வட்டுகளும் தம் நலம் பற்றிய கணக்குகளைத் தாமே பேணுகின்றன. இவ்வசதி ஸ்மார்ட் எனப்படுகிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ஸ்மார்ட்மோன்டூல்ஸ் முதலிய இலவச நிரல்கள் மூலம் இக்கணக்குகளைப் படிக்கலாம். வன்தட்டில் கவனிக்க வேண்டிய நான்கு வரிசைகள்:

* 5 – கெட்டதால் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை
* 197 – படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை
* 198 – திருத்தவியலாத செக்டர்களின் எண்ணிக்கை
* 199 – வடத்தில் நேர்ந்த தரவுப் பிழைகளின் எண்ணிக்கை

முதல் மூன்றில் உள்ள எண்கள் சுழியத்துக்கு மேல் இருந்து, நாளுக்கு நாள் கூடினால் வட்டு கெட்டுவருகிறது எனக் கொள்ளலாம். 199 மட்டும் கூடினால் வடத்தையும் முனைகளையும் பார்க்க வேண்டும். நான்கும் மாறாதிருக்க, மின்தடையை அடுத்துப் பிழை தோன்றியிருப்பின் அது கட்டமைப்புச் சிதைவாக இருக்கும் வாய்ப்பு மிகுதி.

ஸ்மார்ட் கணக்கு நன்றாக இருப்பது வட்டு நலமாக உள்ளது என்பதற்கு உறுதி அன்று. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கொண்டு கூகுள் ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டுப்போன வட்டுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை, வலுவான எச்சரிக்கைகளாகக் கருதப்பட்ட நான்கு கணக்குகளில் எதையும் முன்னதாகக் காட்டவில்லை எனக் கண்டறியப்பட்டது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடும் பயன்படும். என்டிஎஃப்எஸ் என்ற பெயரில் 55 ஆம் எண் நிகழ்வு கோப்பு முறைமைச் சிதைவையும், டிஸ்க் என்ற பெயரில் 7 ஆம் எண் நிகழ்வு கெட்ட செக்டரையும் குறிக்கும்.

சீர்செய்யும் வரிசை

நகலெடுத்தல்

வட்டு இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால், வேறு எங்கும் நகல் இல்லாத கோப்புகளை முதலில் வெளி வட்டுக்கு மாற்ற வேண்டும். ஒளிப்படங்கள், ஆய்வேடு, கணக்குகள், மின்னஞ்சல் சேமிப்பு ஆகியவை முன்னுரிமை பெறுவன. இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்; குடும்பத்தின் ஒளிப்படங்களை மீண்டும் எடுக்க முடியாது.

கணினி தொடங்கவே மறுத்தால், வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கலைப் பென் டிரைவில் பதிந்து, அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். நிறுவாமலேயே இயங்கும் இம்முறையில் விண்டோஸ் வட்டை எழுதாமல் படிக்கும் வகையில் மட்டும் இணைத்துக் கோப்புகளை எடுக்கலாம்.

கெட்ட செக்டர்கள் உள்ள வட்டுக்குச் சாதாரண நகலெடுப்பு ஏற்றதன்று. ஒரு கெட்ட இடத்தில் சிக்கி, அதையே மீண்டும் மீண்டும் படிக்க முயன்று வட்டை மேலும் கெடுக்கும். குனூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ என்ற நிரல், எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கடினமான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வரும். எடுத்தவை, எடுக்காதவை ஆகியவற்றின் கணக்கை ஒரு கோப்பில் வைத்திருப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இவ்வாறு உருவாகும் முழு நகல் படிமம் எனப்படும். இதன்பின் செய்யும் மீட்புப் பணிகளை மூல வட்டில் அன்றி, படிமத்தின் மேல் செய்ய வேண்டும். அங்கு தவறு நேர்ந்தால் மீண்டும் தொடங்க மூலம் எஞ்சியிருக்கும்.

விண்டோஸில் பழுதுநீக்குதல்

நகல் எடுத்தபின் செக்டிஸ்க் நிரலை இயக்கலாம். இது மூன்று நிலைகளில் இயங்கும். கூடுதல் கட்டளை ஏதுமின்றி இயக்கினால் வட்டைப் படித்து அறிக்கை மட்டும் தரும், எதையும் மாற்றாது. எஃப் என்ற கட்டளையுடன் இயக்கினால் அட்டவணைப் பிழைகளைத் திருத்தும். ஆர் என்ற கட்டளையுடன் இயக்கினால், இவற்றோடு வட்டின் ஒவ்வொரு செக்டரையும் படித்துச் சோதிக்கும். இது பல மணி நேரம் எடுக்கக்கூடும்.

செக்டிஸ்க்கின் நோக்கம் கோப்பு முறைமையை முரணற்றதாக்குவதேயன்றி, பயனரின் கோப்புகளைக் காப்பது அன்று. பொருந்தாத அட்டவணைப் பதிவுகளை அது நீக்கிவிடும். உரிமையாளர் அறியப்படாத துணுக்குகளை ஃபவுண்ட் எனத் தொடங்கும் மறைந்த அடைவில் பெயரின்றிச் சேர்க்கும். வன்பொருள் பழுதுள்ள வட்டில் ஆர் கட்டளையை இயக்குவது, நோயாளியை ஓடவிட்டுச் சோதிப்பதை ஒக்கும். சாகும் நிலையிலுள்ள வட்டு அச்சோதனையிலேயே செயலிழக்கலாம்.

லினக்ஸில் பழுதுநீக்குதல்

எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பிழை தோன்றினால், மேலும் எழுதாமல் தடுக்க, பல வழங்கல்களில் வட்டு படிக்க மட்டும் உரியதாக மாறிவிடும். எஃப்எஸ்சிகே என்ற நிரல் இங்குச் சோதனைக்குப் பயன்படுகிறது. பயன்பாட்டில் இணைக்கப்பட்டுள்ள பிரிவின் மேல் இதனைத் திருத்தும் நிலையில் இயக்கலாகாது. தொடக்கப் பென் டிரைவிலிருந்து, முதலில் என் என்ற கட்டளையுடன் மாற்றமின்றிச் சோதித்து, பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்தபின் திருத்துதல் நலம். கோப்பு முறைமையின் முதன்மைத் தொகுதி கெட்டிருந்தால், வட்டின் பிற இடங்களில் அதன் மாற்றுப் படிகள் இருக்கும். 4096 பைட்டுத் தொகுதிகள் கொண்ட அமைப்பில் முதல் மாற்றுப்படி வழக்கமாக 32768 ஆம் தொகுதியில் உள்ளது.

இழந்த கோப்புகளை மீட்டல்

அழிந்துபோன வட்டுப் பிரிவுகளைத் தேடி மீட்க டெஸ்ட்டிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள் உதவும். அதனுடன் வழங்கப்படும் போட்டோரெக், அட்டவணையைப் பாராமல் செக்டர்களை நேரடியாகப் படித்து, ஒளிப்படம், ஆவணம் முதலியவற்றின் தொடக்க அடையாளங்களைக் கொண்டு கோப்புகளை மீட்கும். கோப்புப் பெயர்களும் அடைவு ஒழுங்கும் கிட்டா, உள்ளடக்கம் கிட்டும். மீட்கும் கோப்புகளை அதே வட்டில் எழுதலாகாது.

நீரில் மூழ்கிய வட்டுகள்

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் உள்ளிட்ட கடலோர ஊர்களுக்குள் புகுந்தது. 2015 டிசம்பர் மாத வெள்ளத்தில் சென்னையிலும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலும் தரைத்தள வீடுகள் பல மூழ்கின. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் கணினியை வெயிலில் உலர்த்தி, இயங்குகிறதா எனப் பார்ப்பது இயல்பாகத் தோன்றலாம். இது தரவுக்குக் கேடு பயக்கும். பெரும்பாலான வன்தட்டுகளில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியுடன் கூடிய சிறு துளை உண்டு. அதன் வழியே நீர் உட்புகும். உலரும்போது சேறும் உப்பும் தட்டின் மேல் படிந்துவிடும். அந்நிலையில் மின்சாரம் கொடுத்தால், முனை அப்படிவங்களில் மோதித் தட்டைச் சிதைக்கும்.

மூழ்கிய வட்டில் இன்றியமையாத தரவு இருப்பின், அதற்கு மின்சாரம் கொடாமலும், சூடேற்றி உலர்த்தாமலும், ஈரம் காயாதவாறு நெகிழிப் பையில் இட்டுத் தூய அறை வசதியுள்ள தரவு மீட்பகத்துக்கு அனுப்புதல் பரிந்துரைக்கப்படுகிறது.

கடும் சேதமும் இறுதி அன்று என்பதற்குப் பலர் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2003 பிப்ரவரியில் சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் சிதைவுகளுள், ஓர் அறிவியல் ஆய்வுக்குரிய 340 மெகாபைட் வன்தட்டு உருகிக் கருகிய நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அதன் தட்டுகள் பெரும்பாலும் நலமாக இருந்தமையால், ஏறத்தாழ 99 விழுக்காடு தரவு மீட்கப்பட்டு, ஆய்வு முடிவு 2008 இல் வெளியாயிற்று.

திண்மநிலை வட்டுகள்

திண்மநிலை வட்டில் சுழலும் பகுதி இல்லை; எனவே அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் அது கெடும்போது, ஓசை முதலிய முன்னறிவிப்பின்றித் திடீரெனச் செயலிழப்பதுண்டு. தரவு எந்தச் சில்லில் உள்ளது என்ற கணக்கை வட்டின் உள் நிரல் வைத்திருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கான வட்டுகள் பெரும்பாலானவற்றில், மின்தடையின்போது எழுத்துப் பணியை முடிக்கத் தேவையான மின்தேக்கிகள் இல்லை. அக்கணக்கை எழுதும் தறுவாயில் மின்சாரம் நின்றால் வட்டு முழுவதும் அணுக இயலாததாகலாம். மேலும், நீக்கப்பட்ட கோப்புகளின் இடத்தை முன்கூட்டியே துடைக்கும் டிரிம் என்ற வசதியால், தவறுதலாக அழித்த கோப்புகளை மீட்கும் வாய்ப்பு வன்தட்டைவிட மிகக் குறைவு.

தடுப்பு முறைகள்

* காப்புநகல். இன்றியமையாத தரவுகளுக்கு மூன்று படிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. கடலோரத்தில் "வேறிடம்" என்பது அடுத்த அறையையோ அடுத்த வீட்டையோ குறிக்காது. உள்நாட்டில் வாழும் உறவினர் வீட்டிலோ, இணையச் சேமிப்பிலோ ஒரு படி இருத்தல் நலம்.
* தடையில்லா மின்வழங்கி. கணினியின் மின்வழங்கி, மின்சாரம் நின்றபின் ஏறத்தாழ 16 மில்லிநொடி மட்டுமே தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் யூபிஎஸ் நிலை, சாதாரண நிலை என இரண்டு உண்டு. சாதாரண நிலையில் மாறும் நேரம் கூடுதலாதலால் கணினி நின்றுவிடக்கூடும். கணினி இணைந்துள்ள வீட்டில் யூபிஎஸ் நிலையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.
* மின்தடையின்போது கணினியின் செருகியைக் கழற்றுதல். மின்சாரம் திரும்பும் கணத்தில் ஏற்படும் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து இது காக்கும்.
* கடலோர வீடுகளில் கணினியைக் கடல்காற்று நேரடியாக வீசும் சாளரத்திலிருந்து விலக்கியும், தரையிலிருந்து உயர்த்தியும் வைத்தல்.
* பழுதுநீக்கும் கடைக்குக் கணினியைக் கொடுக்கும்போது, தரவு வேண்டும், வட்டை வடிவமைக்க வேண்டா என எழுத்தில் தெரிவித்தல். வட்டை வடிவமைத்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது கடைகளில் வழக்கமான தீர்வாகும். உத்தரவாதக் காலத்தில் வட்டை மாற்றித் தருவோரும் தரவுக்குப் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை.
* காப்புநகலைச் சோதித்தல். ஆண்டுக்கு ஒருமுறையேனும் காப்பு வட்டிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்கப்படாத நகலை நகலாகக் கொள்ள இயலாது.

இவற்றையும் பார்க்க

* வன்தட்டு
* கோப்பு முறைமை
* தடையில்லா மின்வழங்கி
* தமிழ் எழுத்துக் குறியாக்கங்கள்
* சதுரங்கப்பட்டினம்